புது மர லேத், முறுக்கிய பெஞ்சு: முதல் நான்கு மாதங்களின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல வருடங்களாக வீட்டில் ஒரு சின்ன, பழைய லேத்தில் மரம் கடைந்துகொண்டிருந்தேன். அதில் வேகம் மாற்ற ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 700 சுற்று. உளிப்பிடி, பம்பரம், மேசைக்கால் வரைக்கும் அது போதுமாக இருந்தது. கிண்ணம் கடைய ஆசை வந்தபோதுதான் சிக்கல். சமன் இல்லாத பெரிய கட்டையை 700 சுற்றில் தொடங்குவது ஆபத்து. மெதுவாகத் தொடங்கக்கூடிய லேத் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வாங்கியது நடுத்தர அளவு லேத். 12 அங்குல விட்டம் வரை சுழலும், சென்டருக்கும் சென்டருக்கும் (கட்டையின் இரு முனைகளையும் தாங்கும் கூர்முனைகள்) நடுவே 18 அங்குலம். 1 குதிரைத்திறன் மோட்டார். வேகத்தைக் குமிழால் மாற்றலாம். அதோடு உள்ளே பெல்ட் ஓடும் மூன்று படி புல்லியும் உண்டு. ஸ்பிண்டில் (கட்டையைச் சுழற்றும் அச்சுத்தண்டு) 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை. இரு பக்கமும் 2ஆம் எண் மோர்ஸ் டேப்பர், அதாவது சென்டர் செருகும் கூம்புக்குழி. எடை சுமார் 45 கிலோ. இந்த அளவுகள் ரொம்பப் பரவலானவை என்பதால் சக் (கட்டையைத் தாடைகளால் கவ்விப் பிடிப்பது), சென்டர் போன்ற துணைக்கருவிகள் எளிதாகக் கிடைக்கும். தேர்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று வாரத்துக்குள் இந்த லேத்தைத் திருப்பி அனுப்பக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. அதற்கிடையே நடந்தவைதான் இந்தப் பதிவு.

பொருத்திய விதம்

பெட்டி பிரித்த அன்று துரு பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தேன். ஸ்பிண்டிலின் உள்ளேயும் டெயில்ஸ்டாக்கின் (மறுமுனையில் கட்டையைத் தாங்கும், நகர்த்தக்கூடிய பகுதி) உள்ளேயும் இருக்கும் டேப்பர் குழிகளைத் தனியாகத் துடைத்தேன். அங்கே ஒரு துளி பிசுக்கோ ஒரு இரும்புத்தூளோ தங்கினால்கூட சென்டர் நேராக உட்காராது. படுகை (டெயில்ஸ்டாக் நகரும் இரும்புத் தளம்) மீது மெழுகு தேய்த்தேன். டெயில்ஸ்டாக் விரலால் தள்ளினாலே ஓடியது. வார்ப்பு நன்றாக இருந்தது. ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், துளியும் ஆட்டமில்லை. அன்றைக்கு மனதில் பதிந்தது இது: கனமான, அடக்கமான எந்திரம்.

பிறகு அதை என் மரவேலை பெஞ்சின் ஓரத்தில் ஏற்றினேன். இரண்டு அங்குலப் பருமனுள்ள பலகைகள், நான்கு கால்கள். ஸ்பிண்டிலின் மையம் என் முழங்கை உயரத்துக்கு வரும்படி அடியில் கட்டை கொடுத்தேன். குனியாமல் நின்று கடைய அந்த உயரம்தான் சரி. நான்கு போல்ட்டையும் இனி நகராது என்னும் வரை ஸ்பேனரால் இறுக்கினேன்.

டெயில்ஸ்டாக் முனைப் பக்கம், எனக்கு நேர்முன்னே இருந்த போல்ட் மட்டும் கடைசி இரண்டு சுற்றுக்குக் கனமாக வந்தது. மற்ற மூன்றும் 'டக்' என்று நின்றன. இது இழுத்துக்கொண்டே போனது. கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

முதல் வாரம்: எல்லாம் சரி

முதல் வாரம் இரண்டு சென்டருக்கும் நடுவே பிடித்துக் கடையும் வேலைகள் மட்டும் செய்தேன். ஆறு உளிப்பிடி, ஒரு கைத்தடி. வழவழவென்று வந்தன. ஒரே ஒரு குறை, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டின் மேல்விளிம்பு. வார்ப்பை மில்லிங் செய்த வரிகள் அப்படியே இருந்தன. உளியை அதன்மீது நகர்த்தும்போது நெருநெருவென்று விரலில் உணர முடிந்தது. வளைவு கடையும்போது உளி அந்த வரிகளில் தட்டித் தட்டிப் போவதால் மரத்திலும் அலை விழும். தட்டை அரத்தால் பத்து நிமிடம் ராவி, நீர் உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசினேன். குறை போயிற்று. புது லேத் வாங்கும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

இந்த வாரம் சரியாகப் போனதே என்னைத் தவறான முடிவுக்குத் தள்ளியது. இரண்டு சென்டருக்கும் நடுவே பிடிக்கப்பட்ட கட்டை, அந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் கோட்டையே அச்சாக வைத்துச் சுழலும். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டாலும் கட்டை உருண்டையாகவே கடையப்படும். கோளாறு இருந்தால்கூட இந்த வேலையில் வெளியே தெரியாது.

இரண்டாம் வாரம்: புள்ளிக்குப் பதில் வட்டம்

அடுத்து 9 அங்குல உயர பூச்சாடி. இதற்குக் கட்டையின் அடியில் கழுந்து (சக் கவ்விப் பிடிப்பதற்கான குட்டையான உருளை) எடுத்து நான்கு தாடை சக்கில் பிடித்து, மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் சென்டரால் முட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே கட்டை ஹெட்ஸ்டாக்கின் அச்சில்தான் சுழலும். டெயில்ஸ்டாக் அந்த அச்சுக்கு நேராக இருந்தே ஆக வேண்டும்.

சென்டரை மெல்லக் கொண்டுபோய்த் தொட்டேன். மரத்தின் முகத்தில் ஒரு புள்ளி விழ வேண்டும். விழுந்தது வட்டம். கடுகைச் சுற்றி ஊசியால் கோடு போட்டது போல, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் தெளிவான ஒரு வளையம். அதன் பொருள் அப்போதே புரிந்திருக்க வேண்டும். சென்டரை இறுக்கி வளையத்தை அழுத்தி மறைத்துவிட்டுக் கடையத் தொடங்கினேன்.

கால் மணி நேரத்தில் கட்டை சக்கிலிருந்து கழன்று டூல் ரெஸ்ட்டில் மோதி, பெஞ்சின் முன்பக்கம் தெறித்து விழுந்தது. முகக் கவசம் போட்டிருந்தேன், சுழலும் கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் விலகி நின்றிருந்தேன். காயமில்லை. கழுந்தின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நேரில்லாத முனையை வைத்து அழுத்தியதால், ஒவ்வொரு சுற்றிலும் கட்டை ஒரு மயிரிழை வளைந்து நிமிர்ந்திருக்கிறது, கழுந்து தளர்ந்திருக்கிறது. என் தவறும் ஒன்று அதில் சேர்ந்தது. கழுந்து நீளமாகப் போய், அதன் அடி சக்கின் தளத்தில் முட்டியிருந்தது. கட்டையின் தோள் தாடைகளின் மேல்முகத்தில் உட்கார வேண்டும், கழுந்தின் அடியில் இடைவெளி இருக்க வேண்டும். அடி முட்டினால் தோள் உட்காராது, பிடி பாதிதான். இந்த இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் டெயில்ஸ்டாக்கில் துரப்பண முனை மாட்டி வேறொரு கட்டையில் 25 மில்லிமீட்டர் துளை போட்டேன். துளையின் வாய் 26க்கு மேல், உள்ளே போகப்போக 25. கூம்பு மாதிரி. அப்புறம்தான் முறையாகச் சோதித்தேன். ஹெட்ஸ்டாக்கில் ஒரு முனைச் சென்டர், டெயில்ஸ்டாக்கில் ஒரு முனைச் சென்டர், இரண்டையும் தொடவிட்டேன். ஹெட்ஸ்டாக்குக்குப் பக்கத்தில் ஏறக்குறைய சேர்ந்தன. டெயில்ஸ்டாக்கைக் கடைசிவரை தள்ளி, நடுவில் ஒரு நேர்க்கம்பியின் துணையோடு பார்த்தபோது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என் பக்கமாக விலகியிருந்தது.

மூன்றாம் வாரம்: உதறலும் திணறலும்

10 அங்குல விட்டம், 3 அங்குலப் பருமனில் ஒரு மாமரக் கட்டை. லேத் வாங்கியதே இதற்காகத்தான். பெல்ட்டை நடுப்படியில் வைத்திருந்தேன். என் லேத்தில் அது 550 முதல் 1650 சுற்று வரை. 600ஐத் தாண்டியதும் பெஞ்சு குதிக்கத் தொடங்கியது. உளிகள் தரையில் விழுந்தன. காலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டிலிருந்து பெஞ்சின் ஒரு கால் மாலைக்குள் நான்கு விரல் நகர்ந்திருந்தது.

வேகத்தைக் குறைத்தால் உதறல் குறைந்தது, ஆனால் உளி பட்டதும் மோட்டார் திணறி நின்றது. நிற்காமலிருக்க வேகத்தைக் கூட்டுவேன், உதறும். குறைப்பேன், நிற்கும். ஒரு முழு நாள் இப்படிப் போனது. கடைசியில் கிண்ணத்தின் வெளிப்புறம் துணியின் மடிப்புகள் போல வரிவரியாக வந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்கிற ஆழமில்லை.

எடுத்த முடிவும் அதைத் தள்ளிவைத்த காரணமும்

அன்று இரவு கடிதம் எழுதினேன். மூன்று குறைகள்: சென்டர் சேரவில்லை, தாங்க முடியாத அதிர்வு, மோட்டாரில் வலுவில்லை. வளையம் விழுந்த கட்டையின் படம், முனைகள் விலகி நிற்கும் படம் எல்லாம் இணைத்தேன். மூன்றுமே உண்மையில் நடந்தவை. எழுதியதில் பொய் இல்லை.

அனுப்புமுன் கடைசலில் என்னைவிடப் பல வருடம் மூத்த ஒருவரிடம் காட்டினேன். படங்களைப் பார்த்தார். "தம்பி, இதை பெஞ்சுல போல்ட் போடுறதுக்கு முன்னாடி முனை சேருதான்னு பாத்தியா?" என்றார்.

"இல்ல அண்ணே. போட்டதுக்கு அப்புறம்தான் பாத்தேன்."

"அப்ப கோணல் லேத்துலயா பெஞ்சுலயான்னு உனக்கே தெரியாது. போல்ட்டத் தளத்திட்டுப் பாத்துட்டு லெட்டர் போடு."

அவர் கேட்டது நியாயம். திருப்பி அனுப்பினால் 45 கிலோ இரும்பைக் கழற்றிப் பெட்டி கட்ட வேண்டும். அடுத்து வருவதையும் இதே பெஞ்சில்தான் ஏற்றப் போகிறேன். கடிதத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தேன்.

சோதனையில் தெரிந்தது

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். முனைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு, நான் கனமாக முறுக்கிய அந்த போல்ட்டைத் தளர்த்தச் சொன்னார். ஸ்பேனர் அரைச் சுற்று போனதும் படுகையிலிருந்து 'கிணுக்' என்று ஒரு சத்தம். கண்ணெதிரே டெயில்ஸ்டாக் முனை நகர்ந்து, மறுமுனைக்கு நேராக வந்து நின்றது. லேத்தின் அந்தக் கால், பெஞ்சின் பலகையை விட்டு எழும்பி நின்றது. அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன்: 1.2 மில்லிமீட்டர்.

கணக்கும் ஒத்துப்போனது. இந்த லேத்தின் முன்கால், பின்கால் போல்ட்டுகளுக்கு நடுவே 170 மில்லிமீட்டர். காலிலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை உயரம் 255. அதாவது ஒரு மூலையை 1 மில்லிமீட்டர் கீழே இழுத்தால், சென்டர் உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் சாயும். 1.2 முழுவதும் இரும்பில் போயிருந்தால் 1.8 விலகியிருக்க வேண்டும். பலகையும் கொஞ்சம் வளைந்து கொடுத்ததால் ஒன்றுக்குச் சற்று மேலோடு நின்றிருக்கிறது. வார்ப்பிரும்பு வளையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல போல்ட் வார்ப்பிரும்பையும் முறுக்கும்.

பெஞ்சின் குறுக்கே, இரு முனையிலும் ஒவ்வொரு நேர்ச்சட்டத்தை வைத்து ஒற்றைக்கண்ணால் பார்த்தோம். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் வரவில்லை. பலகை திருகியிருந்தது. ரசமட்டம் வைத்தபோது குமிழி நடுவில்தான் நின்றது. ஆனால் நான் வைத்தது ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரே ஒரு இடத்தில். திருகலைக் கண்டுபிடிக்க அது உதவாது.

விலகல் எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய அவர் சொன்ன முறை எனக்குப் புதிது. டெயில்ஸ்டாக் எந்த இடத்தில் இருந்தாலும் விலகல் ஒரே அளவென்றால் சந்தேகம் டெயில்ஸ்டாக் வார்ப்பின் மேல். தூரம் போகப்போக விலகல் கூடினால், படுகை முறுக்கியிருக்கலாம் அல்லது ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்கலாம். போல்ட்டைத் தளர்த்தியதும் சரியானால் முறுக்குதான். தளர்த்திய பிறகும் விலகல் மாறாமலிருந்தால் அப்போது கடிதம் அனுப்பலாம்.

மோட்டாரை அவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தார், பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றினார், 400 சுற்றில் ஓடவிட்டு உளியை வைத்தார். திணறவில்லை. குமிழைத் திருகி வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார்தான் மெதுவாகச் சுற்றுகிறது. ஸ்பிண்டிலில் கிடைக்கும் முறுக்குவிசை அதனால் கூடுவதில்லை. புல்லி மாற்றினால் கூடும். என் லேத்தில் கீழ்ப்படியின் உச்சம் 750, நடுப்படியின் உச்சம் 1650. ஆகவே கீழ்ப்படியில் இரண்டு மடங்குக்கும் மேல் பிடிவலு கிடைக்கிறது. குமிழ் இருப்பதால் பெல்ட்டை மறந்துவிட்டேன்; பழைய லேத்தில் அலுத்துப்போன வேலை என்பதால் மறக்கவும் விரும்பினேன்.

செய்த மாற்றங்கள்

எழும்பி நின்ற காலுக்கு அடியில் பித்தளைத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபீலர் கேஜ் காட்டிய அளவுக்குப் பேக்கிங் வைத்தேன். காகிதம், அட்டை வைக்காததற்குக் காரணம், அவை நாளடைவில் அமுங்கும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக, முனைகளைப் பார்த்துக்கொண்டே இறுக்கினேன். முனை நகரத் தொடங்கினால் நிறுத்தித் தகடு சேர்த்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது.

அதிர்வுக்கு இரண்டு பக்கமிருந்தும் வேலை செய்தோம். பெஞ்சின் கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டமும் மூலைவிட்டச் சட்டமும் அடித்து, தரையை ஒட்டி ஒரு தட்டு போட்டு, 20 கிலோ மணல் மூட்டைகள் நான்கை அதில் ஏற்றினேன். மறுபக்கம் கட்டை. முன்பு அறுத்த சதுரத்தின் மூலைகளை மட்டும் தட்டிவிட்டு மாட்டியிருந்தேன். இப்போது வட்டம் போட்டு அறுத்தேன். மாட்டியபின் பெல்ட் பிடியில்லாமல் கட்டையைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தேன். ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம், அங்கே கொஞ்சம் செதுக்க வேண்டும்.

வேகத்துக்கு, கடைபவர்கள் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அங்குலத்தில் விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே வர வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 வரை. ஆனால் அது கட்டை சமனான பிறகுதான். கரடுமுரடான கட்டையை அதற்கும் கீழே தொடங்க வேண்டும். சமனில்லாத கட்டை உதறும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 900இல் இருப்பதை 450ஆகக் குறைத்தால் விசை கால் பங்காகிவிடும்.

பின்விளைவு

படுகையின் மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி, வெறும் ஸ்பிண்டிலை ஓடவிட்டுப் பார்த்தேன். மணல் ஏற்றுவதற்கு முன் 800 சுற்றை எட்டும்போது நாணயம் விழுந்தது. ஏற்றிய பின் 1600 வரை நின்றது. அதே மாமரத்தின் இன்னொரு துண்டில் மறுபடி கிண்ணம் கடைந்தேன். 400இல் தொடங்கி, உருண்டையானதும் 700. சீவல் நீளநீளமாகச் சுருண்டு தோள்வரை தெறித்தது. வெளிப்புறத்தில் வரிகள் இல்லை. குழிவான கவுஜ் உளியை நடுவில் ஒரு தடவை சாணை பிடித்து, கடைசிச் சுற்றை மெல்லியதாக எடுத்ததும் இதற்குக் காரணம். முந்தைய வாரம் நாள் முழுக்க ஒரே கூர்மையோடு ஓட்டியிருந்தேன்.

பூச்சாடியையும் திரும்பச் செய்தேன். சென்டர் தொட்ட இடத்தில் புள்ளி விழுந்தது.

மூன்று மாதம் முடிந்த நிலையில் லேத்தைப் பற்றி என் கருத்து நல்லதே. ஹெட்ஸ்டாக் தாங்கிகள் நீண்ட நேரம் ஓடினாலும் இளஞ்சூட்டோடு நிற்கின்றன. மெதுவாகத் தொடங்கும் வசதி ஒன்றுக்காகவே வாங்கியது தகும். ஆனாலும் உண்மையான குறை ஒன்று மிச்சம், அதைப் பேக்கிங் வைத்துச் சரிசெய்ய முடியாது. நிறுத்தும் பொத்தான் ஹெட்ஸ்டாக்கின் முகத்தில், சக்கை ஒட்டி இருக்கிறது. பெரிய கட்டை உதறும்போதோ உளி மாட்டிக்கொள்ளும்போதோ, நிறுத்துவதற்காகச் சுழலும் கட்டைக்கு எதிரே கை நீட்ட வேண்டும். எந்த நொடியில் விலகி நிற்க வேண்டுமோ அந்த நொடியில் கிட்டே போகவைக்கிறது. இது வடிவமைப்புப் பிழை என்றே சொல்வேன். மின்பணியாளர் ஒருவரை வைத்து, டெயில்ஸ்டாக் முனையில் பெஞ்சின் விளிம்பில், இடுப்பால் தட்டினாலே நிற்கும் தனி நிறுத்தப் பொத்தான் போட்டுக்கொண்டேன். கடிதத்தைத் திருத்தி, இந்த ஒரு குறையை மட்டும் எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன்.

இனி மாற்றிச் செய்வது

இன்னொரு லேத் வந்தால், பெட்டியிலிருந்து எடுத்ததும் எதிலும் பொருத்தாமல் தரையில் வைத்தே முனைகள் சேர்கின்றனவா என்று பார்த்து, படம் எடுத்து, தேதி போட்டு வைப்பேன். பின்னால் எந்த விலகல் வந்தாலும் எதிலிருந்து வந்தது என்று சொல்ல அது ஒன்றே சான்று. லேத் வரும் முன்பே பெஞ்சைச் சட்டம் வைத்துப் பார்த்திருப்பேன். முதல் வாரத்தில் இரண்டு சென்டர் வேலையோடு நிற்காமல், சக்கில் ஒரு வீண் கட்டையைப் பிடித்து ஒரு துளை போட்டுப் பார்த்திருப்பேன். பத்து நிமிட வேலை. வளையம் விழுந்த அன்றே நிறுத்தியிருந்தால் அந்தக் கட்டை பறந்திருக்காது. இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெஞ்சு மரம் என்பதால் காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது அதுவும் அசைகிறது. மாதம் ஒரு தடவை முனைகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். நான்காவது மாதம் ஈரமான இரண்டு வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது கால் மில்லிமீட்டர் விலகியிருந்தது, இந்த முறை எனக்கு எதிர்ப்பக்கமாக. ஒரு தகட்டை எடுத்துவிட்டு போல்ட்டை மீண்டும் இறுக்கினேன்.